தீவு மன்னன் அனுப்பிய அம்புகள்

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றைப் பரிதிமாறன் ஆண்டுவந்தான். கடற்கொள்ளையர் தொல்லை பொறுக்காமல், அக்கரைத் தீவு மன்னனோடு நட்பு உடன்படிக்கை செய்துகொண்டான். ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்றவர் ஆயுதம் தந்து உதவ வேண்டும் என்பது பேச்சு. அந்த யோசனையைச் சொன்னவன் அரசவை விகடன் கூத்தபிரான்.

கொள்ளையர் கப்பல்கள் வருவதாகச் செய்தி வந்ததும், தீவு மன்னன் கப்பல் நிறைய அம்புகள் அனுப்பினான். எய்து பார்த்தால் ஒன்றுகூடப் பறக்கவில்லை! அம்பின் அடியில் நாண் பொருந்தும் பிளவு அகலம்; இந்நாட்டு நாணோ மெலிது. அம்பு நழுவி எய்தவன் காலடியிலேயே விழுந்தது.

ஆயுதசாலைத் தலைவர் மழவரையருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஆயுத விஷயத்தில் ஒரு விகடன் யோசனை சொன்னதே அவருக்குப் பிடிக்கவில்லை. கூத்தபிரானை ஒழித்துக்கட்ட இதைவிட நல்ல சமயம் ஏது?

"அரசே, வில்லை மாற்றிவிடலாமா?" என்று தூண்டில் போட்டார்.

"என் பாட்டனார் வகுத்த வில். யாரும் கைவைக்கக் கூடாது!"

"அம்பைச் செதுக்கலாமா?"

"நண்பன் தந்ததைக் கத்தியால் தொடுவதா? அவன் மனம் நோகும்."

"அப்படியானால் கூத்தபிரானே வழி சொல்லட்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும்."

அரசனுக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும்" என்றான்.

கூத்தபிரான் யோசித்தான். தன்னை விரட்டினாலும் போகட்டும். கொள்ளையர் வந்தால் மீனவர் குப்பமல்லவா முதலில் எரியும்! ஒரு வில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"வில்லையும் அம்பையும் தவிர வேறு எதையும் தொடலாமா, அரசே?"

"தாராளமாகத் தொடு!"

நேரே மழவரையரிடம் போய், அவர் மேலாடையில் ஓர் இழையைப் பிடித்து இழுத்தான்.

"அடேய், சீனத்துப் பட்டடா!"

"அரசர் உத்தரவு, ஐயா. கொஞ்சம் நின்ற இடத்திலேயே சுற்றுங்கள், நூல் நன்றாக வருகிறது."

உருவிய நூலை நாணின் நடுவில் இறுகச் சுற்றினான். நாண் அங்கே தடித்தது. அம்பு கச்சிதமாகப் பொருந்தியது. வில்லாளி எய்தான், அரண்மனைத் தோட்டத்துக் கடைசித் தென்னையில் போய்க் குத்தி நின்றது அம்பு.

அன்றே எல்லா விற்களின் நாணுக்கும் நூல் சுற்றினார்கள். கரைக்கு வந்த கொள்ளையர் அம்பு மழையைக் கண்டு கப்பல்களைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள்.

"நம் வில், தீவார் அம்பு, சீனத்து நூல்! மூன்று நாடும் சேர்ந்தல்லவா கொள்ளையரை விரட்டியிருக்கின்றன!" என்று அரசன் மகிழ்ந்து, கூத்தபிரானுக்கு முத்துமாலை அணிவித்தான். "இனி வெளிநாட்டிலிருந்து ஆயுதம் தருவிக்குமுன் நீயும் பார்த்துச் சொல்" என்றும் ஆணையிட்டான்.

"மழவரையரையும் மறக்கக் கூடாது, அரசே" என்றான் கூத்தபிரான். "நாட்டைக் காக்க உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. உடுத்திய துணியைக் கொடுத்தவர் இவர் ஒருவர்தான்!"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, அவருக்கும் ஒரு புதுப் பட்டு கொண்டுவரச் சொன்னான்.