மினுக்கி நின்ற இடம்

அந்தக் காலத்தில் ஒளிக்கீற்றுகளும் பேசும், மரத்தில் வடியும் பிசினும் பேசும். சூரியன் உச்சியிலேயே நெடுநேரம் நிற்கும். கீற்றுகளுக்கு மட்டும் ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. இலைக்கு இலை தாவிக்கொண்டே இருக்கும். எதுவாவது ஒன்று நின்றுவிட்டால், "என்ன, கால் ஒட்டிக்கிச்சா?" என்று மற்றவை சிரிக்கும்.

அந்தக் கீற்றுகளில் ஒருத்தி மினுக்கி. ஒரு மரப்பொந்துக்குள் முளைத்திருந்த ஆலங்கன்று அவளுக்குச் சிநேகிதம். வேறு யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் காற்றில் அந்த மரத்தின் கிளை முறிந்தது. காயத்திலிருந்து வடிந்த பிசின் பொந்தின் வாயை நிறைத்துத் தேங்கியது. கன்று அடியில் இருட்டில் அகப்பட்டுக்கொண்டது.

மினுக்கி பிசினுக்குள் பாய்ந்தாள். போகப்போக விரிந்தாள், மங்கினாள். அடியைத் தொட்டபோது அவளிடம் வெளிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"எப்ப வருவே?" என்று கேட்டது கன்று.

"வந்துட்டேனே."

"தெரியவே இல்லையே."

அவளுக்குப் பதறியது. வெளியே வந்து வேறோர் இடத்தில் நுழைந்தாள். அங்கும் அப்படியே. நடுவில் நுழைந்தாள், ஓரத்தில் நுழைந்தாள், மறுபடி நடுவில்.

"கொஞ்சம் நில்லு, தாயி" என்றது பிசின். "நீ தொட்டுத் தொட்டு ஓடுற இடமெல்லாம் நான் இறுகிட்டு வர்றேன்."

"இறுகினா என்னக்கா?"

"இறுகின இடம் உன்னைச் சிதறாமப் பிடிக்கும். ஆனா சுத்தியும் இளகலா இருந்தாத்தான் பிடிக்க முடியும். மொத்தமும் ஒரே மாதிரி இறுகிட்டா உனக்கு வழியே கிடையாது. அந்தப் புள்ளைக்கும் கிடையாது."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"யாருக்குத் தெரியும்? இதுவரைக்கும் உங்க கூட்டத்துல யாரு நின்னா?"

இளகலாக மிஞ்சியிருந்தது இடது பக்கம் மட்டும்தான். மினுக்கி அங்கே போய் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. தப்பான இடமோ? சற்றுத் தள்ளி நின்றால்? மேலே கீற்றுகள் சிரித்தன.

"இருக்கியா?" என்று கீழே கேட்டாள்.

"இருக்கேன். ஒரு இலை விழுந்துடுச்சு."

நகர்ந்துவிடத்தான் தோன்றியது. அவள் நகரவில்லை.

பிறகு, எப்போது என்று தெரியவில்லை, தன் நடுவில் ஏதோ மெல்ல இறுகுவதை உணர்ந்தாள். அந்த இறுக்கம் அவளைக் கூட்டிப் பிடித்தது. கூடியதால் பளிச்சென்று ஆனாள். அந்தப் பளிச்சில் அடுத்த துளி இறுகியது. அது அவளை இன்னும் கீழே இறக்கியது. யாரும் தோண்டவில்லை. அவள் போகப்போக வழி உண்டானது.

"கண்ணு கூசுது" என்றது கன்று.

மினுக்கிக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். பின்பு பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் தாவப் பார்த்தாள். முடியவில்லை. மறுபடி முட்டிப் பார்த்தாள்.

"விடுக்கா."

"இறுகினது இளகாது, தாயி. இதுக்குள்ள வந்தா நேரா அடிக்குத்தான் போகணும்."

மினுக்கி முட்டுவதை நிறுத்தினாள். கீழே கன்று புது இலை ஒன்றை விரித்துக்கொண்டிருந்தது.

அன்று முதல்தான், ஒளி பட்டால் இறுகும் பிசினுக்குள் ஒரு கீற்று அசையாமல் நின்றால், தன் வழியைத் தானே வார்த்துக்கொள்கிறது. அந்தக் கீற்று அணைந்த பிறகும் வழி அப்படியே இருக்கிறது. அடுத்து வருகிற கீற்று, யார் நின்றதால் வந்த வழி என்று தெரியாமலே, சிதறாமல் அடிவரை போய்ச் சேர்கிறது.