மூவாயிரத்து அறுநூறில் ஓடிய கல்யாணம்

அருப்புக்கோட்டையில் ஒரு காலத்தில் புத்திக்குப் பஞ்சம் வந்தது. நல்லவேளை, ஊர் முழுக்கப் பரவவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே திருமேனி வீடியோ சென்டர் என்கிற ஒரே கடையோடு நின்றுகொண்டது.

கடையில் மூன்று மேதைகள். முதலாளி திருமேனி. கேமரா பிடிப்பது அவர் மச்சினன் கோட்டைச்சாமி. எடிட்டிங் சுப்புக்காளை. மாப்பிள்ளை முகத்துப் பருவை அழிப்பான், மாமியார் முறைப்பை வெட்டுவான், கடைசியாக மணவறைக்குப் பின்னால் கட்டிய பச்சைத் துணியின் நிறத்தை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சுவிட்சர்லாந்து பனிமலையைக் கொண்டுவந்து வைப்பான். பனிமலை இல்லாமல் அந்தக் கடையிலிருந்து ஒரு கல்யாணமும் வெளியே போனதில்லை.

ஒரு வாரம், மூத்த மகள் கல்யாணத்தை இவர்களிடம் வீடியோ எடுக்கக் கொடுத்திருந்த ரைஸ்மில் மாடக்கண்ணு வந்து நின்றார்.

"திருமேனி, வெள்ளிக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் மஸ்கட்டுக்கு பிளேன் ஏறுறாங்க. வியாழக்கிழமை மத்தியானம் பென் டிரைவ் என் கையில இருக்கணும். இல்லேன்னா சின்ன மக கல்யாணத்துக்கு எதிர்க்கடைக்காரன்தான்."

மாடக்கண்ணு சொல்லைத் தட்டாத பங்காளி வீடுகள் நாற்பது. அவர் எதிர்க்கடைக்குப் போனால் அத்தனையும் போகும். கடைக் கம்ப்யூட்டரோ ஆமைக்கு அண்ணன்.

அப்போதுதான் கோட்டைச்சாமி அதைத் திறந்து பார்த்து ஒரு பெரிய ஊழலைக் கண்டுபிடித்தான்.

"அத்தான், மெமரி மேல வேகம் மூவாயிரத்து அறுநூறுன்னு போட்டிருக்கு. உள்ள ஓடுறது ரெண்டாயிரத்து நானூறு. நம்ம தலையில மொளகா அரைச்சிருக்கான்!"

உடனே மதுரை மெக்கானிக் அருளானந்துக்குப் போன் போட்டார்கள். அவர் பொறுமைசாலி, பாவம்.

"வேகத்தைக் கூட்டலாம். ஒரேயடியா ஏத்தாதீங்க, படிப்படியா ஏத்துங்க. ஒவ்வொரு படிக்கும் மெமரி டெஸ்ட்டை ஓடவிடுங்க. பச்சையா வந்தா பாஸ். சிவப்பா ஒரு வரி வந்தாலும் எர்ரர். சிவப்பைக் கண்டா விடாதீங்க. பிரச்சினைன்னு வந்துட்டா ஒரு படி பின்னாடி போங்க. அவ்வளவுதான்."

சுப்புக்காளை அதை ஒரு எழுத்து விடாமல் சுவரில் எழுதிவைத்தான்.

முதல் படி பச்சை. இரண்டாம் படியும் பச்சை. மூவாயிரத்து இருநூறில், வேர்க்குரு போட்ட முதுகு மாதிரி திரை முழுக்கச் சிவப்பு வரிகள். மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆலோசித்தார்கள்.

"ஒரு படி பின்னாடி போகணுமே அத்தான்."

"அது பிரச்சினை வந்தாத்தானடா," என்றார் திருமேனி. "இது சிவப்பு. சிவப்புக்குத் தனியா சொல்லியிருக்காரு, செவுத்தைப் பாரு. விடாதேன்னு இருக்கு."

"இவ்வளவுதானா முதலாளி? எத்தனை பருவு எடுத்திருக்கேன்!" என்று சுப்புக்காளை மானிட்டர் பட்டனை நாலு அமுக்கு அமுக்கி நிறத்தை மாற்றினான். சிவப்பு வரிகள் அத்தனையும் பச்சையாகிவிட்டன. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி.

"மொத்தம் ஆயிரத்து நாப்பது வரி," என்று எண்ணிச் சொன்னான் கோட்டைச்சாமி.

"ஊர்ல எல்லாரும் ஒரு தடவைதான் பாஸ் ஆவான். நாம ஆயிரத்து நாப்பது தடவை பாஸ்!" என்றார் திருமேனி.

அந்தத் தெம்பில் நேரே மூவாயிரத்து அறுநூறுக்கு ஏற்றி, வெட்டி ஒட்டிய கல்யாணத்தை முழு வீடியோவாக்க ரெண்டர் போட்டார்கள். அறுபத்திரண்டு சதவீதத்தில் திரை உறைந்தது. அணைத்துப் போட்டார்கள், மறுபடி அதே இடம். மூன்றாம் தடவையும் அதே இடம். தாலி கட்டுகிற இடம்.

"அந்த இடத்துல அப்படி என்னடா இருக்கு?"

"பொண்ணு இருக்கு முதலாளி."

"பொண்ணு என்ன பண்ணுது?"

"தேமேன்னு குனிஞ்சு உக்காந்திருக்கு. முகூர்த்தப் பட்டு கட்டியிருக்கு."

"என்ன கலரு?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆத்தாடி!" என்றான் கோட்டைச்சாமி. "ஆறு கெஜத்துக்கு எர்ரரு!"

சுப்புக்காளை அதற்கும் வைத்தியம் பார்த்தான். வீடியோவில் எங்கெல்லாம் சிவப்போ அங்கெல்லாம் பச்சை. சேலை, குங்குமம், வெற்றிலை போட்ட வாய், ஒன்று விடவில்லை. பிறகு வழக்கம்போல் பச்சையை நீக்கிப் பனிமலையை வைத்து, பட்டனைத் தட்டினான்.

இதற்குள், மூன்று முறை உறைந்து எழுந்த கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் மெமரியைப் பழைய ரெண்டாயிரத்து நானூறுக்கே இறக்கிவைத்திருந்தது. பின்னாடி போகத் தெரிந்த ஜீவன் அந்தக் கடையில் அது ஒன்றுதான். வீடியோ அலுங்காமல் குலுங்காமல் நூறு சதவீதத்தைத் தொட்டது.

"மூவாயிரத்து அறுநூறுன்னா சும்மாவா!" என்று திருமேனி தொடையைத் தட்டினார்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கே பென் டிரைவ் போய்ச் சேர்ந்தது. பன்னிரண்டு மணிக்கு மாடக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்.

"டேய், என் மாப்பிள்ளை எதுக்குடா தாலி கட்டுறாரு?"

போட்டுப் பார்த்தார்கள். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை பயபக்தியோடு பனிமலைக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே ஒரு தலை, பக்கத்துக்கொன்றாய் இரண்டு வளையல் கைகள். சுற்றி நின்ற பெண்களின் நெற்றியில் பொட்டு இருந்த இடத்திலெல்லாம் பொடிப்பொடியாய்ப் பனி.

"எம் பொண்ணு கழுத்துக்குக் கீழ எங்கடா?"

"அண்ணாச்சி, பதறாதீங்க," என்றார் திருமேனி. "உங்க பொண்ணாலதான் மூணு தடவை ஸ்டக் ஆச்சு. இப்ப ஒரு எர்ரரு கிடையாது."

"நாளைக்கு பிளேனுடா! இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழியைச் சொல்லு. இல்ல, இப்பவே எதிர்க்கடைக்குப் போறேன்!"

பிரச்சினை என்ற சொல் காதில் விழுந்ததும் திருமேனி சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரச்சினைன்னு வந்துட்டா ஒரு படி பின்னாடி போகணும் அண்ணாச்சி. கல்யாணத்துக்கு ஒரு படி பின்னாடி நிச்சயதார்த்தம். சாயங்காலமே தட்டு மாத்திருவோம். அங்கயிருந்து படிப்படியா ஏறி, விடியறதுக்குள்ள தாலி கட்டிப்புடலாம்."

மாடக்கண்ணு தலையில் கைவைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் காதருகே குனிந்து கோட்டைச்சாமி அக்கறையோடு சொன்னான்:

"பொண்ணுக்கு மட்டும் இந்தத் தடவை பச்சைச் சேலையா எடுத்துருங்க அண்ணாச்சி."