ஒரன்மியானின் வலக்கை

கேட்கிற வேலை உங்களுடையது. நம்புகிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

யொரூபா நாட்டில் இரெலே என்று ஒரு சின்ன ஊர். அதன் புது அரசர், முன்பு அரசாண்ட மாவீரன் ஒரன்மியானின் பேரன். ஒரு நாள் காலை ஒகுன்டிபே என்று ஒருத்தன் வந்து நின்றான். எந்த ஊர்க்காரன் என்று எந்த ஊரும் ஒப்புக்கொள்ளாத ஆள். "உங்க தாத்தாவுக்கு வலக்கையா இருந்தது நான். இனி உங்களுக்கு இருக்கேன். செலவுக்கு அந்த ஆற்றங்கரைக் காடு போதும்" என்றான்.

சந்தைத் தலைவி அயிங்கே அதைக் கேள்விப்பட்டு அரண்மனைக்கே வந்துவிட்டாள். அந்தக் காட்டில் வள்ளிக்கிழங்கு போட்டுப் பிழைப்பவர்கள் அவளுடைய சந்தைப் பெண்கள். காடு இவன் கைக்குப் போனால் அடுத்த மழைக்கு அவர்கள் எங்கே போய் நடுவார்கள்?

அரண்மனை முற்றத்தில் அரசர் உட்கார்ந்திருந்தார். கிரீடத்து மணிச்சரங்கள் தொங்கி அவர் முகத்தை மறைத்தன. ஒகுன்டிபே குப்புற விழுந்து கும்பிட்டான். எழும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"உங்க தாத்தாவுக்கு உடம்பு வலப்பாதி கறுப்பு, இடப்பாதி வெளுப்பு. ஊரே அறியும். அதை வச்சு என்ன பண்றதுன்னு அவருக்குத்தான் தெரியல. ஒரு தடவை எதிரி ரெண்டு பக்கமும் சூழ்ந்துக்கிட்டான். 'இளவரசே, நடுவுல போய்ச் சும்மா நில்லுங்க'ன்னேன். நின்னாரு. இந்தப் பக்கத்தான் 'கறுத்தவன்டா'ங்கிறான். அந்தப் பக்கத்தான் 'வெளுத்தவன்டா'ங்கிறான். யார் சொல்றது சரின்னு அவங்களுக்குள்ளயே வெட்டிக்கிட்டுச் செத்தானுங்க. நாங்க ஓரமா உக்காந்து கிழங்கு சுட்டோம்."

"இளவரசர் வாளை எடுக்கவே இல்லையா?" என்றார் படைத்தலைவர் லாடெலே. அவர் உடம்பில் வெட்டுப்படாத இடம் குறைவு.

"எடுத்தாரே. கிழங்குக்குத் தோல் சீவ."

அயிங்கே மூக்கால் சிரித்தாள். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

"ஓயோ நகரம் எப்படி வந்துச்சு? பாம்பு போய் எங்க நிக்குதோ அங்க ஊரைக் கட்டுன்னு வாக்கு. பாம்புன்னா உங்க ஊர்ப் பாம்பு இல்ல. தலை போய்ச் சேர்ந்துட்டுது, வால் இன்னும் புறப்படல. நிக்கிற வழியாவும் தெரியல. வாலைப் பிடிச்சு ஒரு மரத்துல முடிச்சுப் போட்டேன். இழுத்துச்சு பாருங்க, பாம்பு நிக்கல, பூமி நீண்டுபோச்சு! அதான் ஓயோவுல கிழக்கு வாசல்ல சேவல் கூவுறப்போ மேற்கு வாசல்ல ஆடு பட்டிக்குத் திரும்புது."

"நான் ஓயோவுக்குப் போயிருக்கேன்" என்றாள் அயிங்கே. "இந்த வாசல்ல துப்பினா அந்த வாசல்ல விழும்."

"நீங்க மழைக்காலத்துல போயிருப்பீங்கம்மா. ஈரத்துல சுருங்கிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போதாதா அவனுக்கு?

"ஓயோவுல ஒரு மகன், பெனின்ல ஒரு மகன்னு ரெண்டு ராஜ்யத்துக்கு அவரே ஆள் வச்சாரு. மிச்சத்துக்கு அவருக்கு ஏது நேரம்? கிரீடங்களைக் கோணியில கட்டி என் தோள்ல ஏத்திட்டாரு. தெருத்தெருவா 'ராஜா வேணுமா, ராஜா'ன்னு கூவிக் குடுத்தேன். இன்னிக்கு இருக்கிற வம்சம் அத்தனையும் இந்தத் தோள்ல வந்ததுதான். கடைசியா ஒண்ணு மிஞ்சிச்சு. அதுல கள்ளு ஊத்திக் குடிச்சுட்டேன்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கிரீடத்தின் உட்புறத்தை அரசரே பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போகும்.

"உள்ளே பார்த்தியா?" என்று உறுமினார் லாடெலே.

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே குடிச்சேன்."

மணிச்சரங்கள் குலுங்கின. அரசர் சிரிக்கிறார்! காடு கை நழுவுகிறது என்று அயிங்கேவுக்குத் தெரிந்துவிட்டது. பொய் என்று காட்டிப் பிரயோசனமில்லை. பொய் என்று தெரிந்துதானே ரசிக்கிறார்கள். அவள் குரலில் தேனைத் தடவிக்கொண்டாள்.

"ஒரன்மியானுக்கு நீங்க அவ்வளவு நெருக்கமா ஐயா?"

"நெருக்கமா? ஒரே குடுவை, ஒரே பாய். அவருக்குச் சளி பிடிச்சா நான்தான் இருமுவேன்."

"உங்களைவிட நெருக்கமா வேற யாரும்?"

"பெண்டாட்டி பிள்ளையே எனக்கு அப்புறம்தான்!"

"படைத்தலைவரே, கேட்டுக்கிட்டீங்களா?"

கேட்டுக்கொண்டார். எழுந்தும் நின்றுவிட்டார். அந்த நாட்டு வழக்கம் அது: அரசர் மண்ணுக்குள் போனால், ஒரே குடுவையில் குடித்த நண்பன் குளித்து, புதுத்துணி கட்டி, தன் காலாலேயே நடந்து அவரோடு குழிக்குள் இறங்க வேண்டும். புளுகின் வேகத்தில் ஒகுன்டிபே அதை மறந்தே போயிருந்தான்.

"ஒரன்மியான் மண்ணுக்குள்ள போய் எவ்வளவு காலமாச்சு!" என்றாள் அயிங்கே. "நீங்க இன்னும் மேலே என்ன பண்றீங்க?"

லாடெலே மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார். ஒகுன்டிபே மண்வெட்டியைப் பார்த்தான். 'அவரை நான் பார்த்ததே இல்லை' என்று சொன்னால் போதும், உயிர் தப்பும். அதைத்தான் அவனுக்குச் சொல்ல வரவில்லை.

"போனேனே!" என்று அலறினான். "கூடவேதான் இறங்கினேன்! பக்கத்துலயே படுத்தேன். இருட்டுல தனியா இருக்காரே, பொழுது போகட்டும்னு எங்க போர்க்கதையை எடுத்துவிட்டேன். பாதியில எழுந்து உக்காந்துட்டாரு. 'செத்தும் எனக்கு நிம்மதி இல்லையாடா, மேலே போய்த் தொலை'ன்னு அவரே ஒரு உதை விட்டு அனுப்பிட்டாரு!"

மணிச்சரங்கள் தாறுமாறாக ஆடின. லாடெலேகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அயிங்கே மட்டும் சிரிக்காமல் அரசர் முன் மண்டியிட்டாள்.

"இதை மட்டும் நான் நம்புறேன், அரசே. செத்துப் படுத்திருந்தவராலயே இவனைத் தாங்க முடியல. நீங்க உயிரோட பக்கத்துல வச்சுக்கப் போறீங்க."

மணிச்சரங்களின் ஆட்டம் நின்றது.

"ஆற்றங்கரைக் காடு சந்தைப் பெண்கள்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அரசர். "இவனுக்கு ரெண்டு கிழங்கு குடுத்து எல்லை தாண்டி விடுங்க. அடுத்ததை ஆரம்பிக்கிறதுக்குள்ள."