ஐயாயிரம் மலிவு

நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் உழைத்துவிட்டு விருப்ப ஓய்வில் வந்த சற்குணம், ஐம்பத்திரண்டு வயதில் வீடியோ கேம் வியாபாரம் பழகக் கிளம்பினார். குருவாக வாய்த்தவள் மெஹருன்னிசா. வயது இருபத்தொன்பது. காந்திபுரத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சற்குணம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் ஓடிவிட்டது. மில் கொடுத்த பணம் முழுவதையும் போட்டுப் பொள்ளாச்சியில் கடை திறக்க ஏற்பாடு. வெள்ளிக்கிழமைக்குள் சரக்குக்குச் சொல்லியாக வேண்டும்.

"எந்த மாடல் அதிகமா எடுக்கட்டுங்க அம்மிணி?"

டி.வி.யில் மாட்டி விளையாடும் கன்சோல் பெட்டி ஒன்றே இரண்டு விதமாக வந்தது. ஒன்றில் டிஸ்க் போடலாம். மற்றதில் போட முடியாது; கேம்களை நெட்டில்தான் வாங்க வேண்டும். அது ஐயாயிரம் மலிவு.

"உங்களுக்கு எது தோணுது?" என்றாள் மெஹருன்னிசா.

"மலிவுதாங்க. ஒரே வாரத்துல பதினொண்ணு தள்ளிட்டனே." பெருமை முகத்தில் வழிந்தது. அவள் கழற்றி வைத்திருந்த கண்ட்ரோலரில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்நேரம் பள்ளி வேன் ஓட்டும் தங்கவேலு மகளோடு உள்ளே வந்தார். பதினொன்றில் ஒன்றை வாங்கியவர். மகள் பையிலிருந்து நாலு டிஸ்க்குகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாமா பையன் விளையாடி முடித்துக் கொடுத்தவை.

"இதை எங்க போடறதுங்க?" என்றாள்.

சற்குணம் ஒரு டிஸ்க்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஐயாயிரம் மிச்சம்னு சொன்னீங்க," என்றார் தங்கவேலு. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சும்மா சொன்னார்.

மெஹருன்னிசா எழுந்தாள். வருகிறவர்களுக்கு விளையாடிக் காட்ட டெமோவாக வைத்திருந்த, டிஸ்க் போடும் கன்சோலைக் கழற்றித் துடைத்தாள்.

"ஆறு மாசம் ஓடினதுங்க. நல்லா இருக்குது. உங்களுதைக் குடுத்துட்டு இதை எடுத்துட்டுப் போங்க. மேல ஒண்ணும் வேண்டாம்."

அவர்கள் போனதும் சற்குணம் பெருமூச்சு விட்டார்.

"புரிஞ்சுதுங்க. இனி டிஸ்க் போடறதையே எடுக்கறேன்."

அடுத்து ஒரு கல்லூரி மாணவன் வந்து விலை கேட்டான்.

"டிஸ்க் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா தம்பி?" என்றாள் மெஹருன்னிசா.

"ஹாஸ்டல்ல டிஸ்க்கா? மறுநாளே காணாமப் போயிரும்க்கா. நெட் ஃப்ரீதான்."

மலிவானதையே எடுத்துக் கொடுத்தாள். அவன் சந்தோஷமாகப் போனான். சற்குணத்துக்குத் தலை சுற்றியது.

"அப்ப எதைத்தான் எடுக்கறது அம்மிணி? வெள்ளிக்கிழமை சொல்லோணுங்க."

"இன்னும் பத்துப் பேரு இருக்காங்க, நீங்க மலிவுன்னு சொல்லிக் குடுத்தவங்க. அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள் மெஹருன்னிசா.

சற்குணம் செருப்பை மாட்டினார். வாசற்படியில் கால் வைக்கும்போது அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"அண்ணா, மாத்திக் குடுக்க என்கிட்ட டெமோ பெட்டி ஒண்ணுதான் இருந்துச்சு."