குனியாத மரம் வாங்கிய ராஜா

சின்னவர்களே, பெரியவர்களே, காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள். மலைகளுக்கே இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலத்தில் மகுடவர்த்தனன் என்று ஒரு ராஜா இருந்தான். அவன் நாடு எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த எல்லையில் சேவல் கூவினால் அந்த எல்லையில் இருப்பவன் எழுந்து பல் விளக்கப் போவான். ஆனால் ராஜாவின் பட்டப்பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியக்காரனுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

அந்த நாட்டுக்கு மேலே பேரரசி உலகுடையாள் இருந்தாள். அவளுக்குக் கீழே இப்படிப்பட்ட குட்டி ராஜாக்கள் ஏராளம். புதிதாக ஒருவன் பட்டத்துக்கு வந்தால், சில வருஷம் விட்டுப் பிடித்து, அவள் நேரில் வருவாள். அந்தப் புது ராஜா தன் அரண்மனை முற்றத்தில் விளைந்த ஒரு பழத்தைத் தன் கையால் அவளிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ஆசனம் அவனுக்கு நிலைக்கும். பழம் இல்லையென்றால் ஆசனம் வேறொருவருக்குப் போகும். ஒரு மரத்தைக் காப்பாற்றத் தெரியாதவன் ஊரைக் காப்பாற்றிக் கிழிக்கப்போவதில்லை என்பது அவள் எண்ணம்.

மகுடவர்த்தனனுக்கு இதில் ஒரு சிரமமும் இருந்திருக்க வேண்டியதில்லை. முற்றத்துக் கிணற்றடியில் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. கோணல் மரம், முள் மரம், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடித்தே வளர்ந்த மரம். வருஷம் முழுக்கக் காய்த்துக் கொட்டியது. அவன் அப்பா அந்தப் பழத்தைக் கொடுத்துத்தான் ஆசனத்தில் நிலைத்தார்.

மகனுக்கோ அந்த மரத்தைப் பார்த்தாலே உடம்பு கூசியது. பேரரசியின் கையில் பாத்திரம் கழுவுகிற இடத்துப் பழத்தையா கொடுப்பது? முற்றத்து மண்டபத்தில், ஆசனத்துக்குப் பக்கத்தில், சித்திர வேலை செய்த தொட்டியில், பார்த்தவர்கள் வாயைப் பிளக்கும்படி ஒரு மரம் நிற்க வேண்டும் என்று நினைத்தான். நினைத்தவன் கிணற்றடி மரத்தை அன்றைக்கே வெட்டச் சொல்லிவிட்டான். புதியதை வாங்குவதற்கு முன்பே பழையதை வெட்டினான் என்றால், அவன் புத்தியின் ஆழத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

ராணி செண்பகநங்கை ஓடி வந்தாள். மரத்துக்காக ஓடி வந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. விழுந்த மரத்திலிருந்த காய்களையெல்லாம் மடியில் பொறுக்கி, உப்புப் போட்டு, ஒரு ஜாடியில் அடைத்து, அதன் வாய்க்குத் துணியால் வேடு கட்டித் தன் அறையில் வைத்துக்கொண்டாள். ராஜா தலையில் அடித்துக்கொண்டான்.

பிறகு அவன் மரம் பார்க்கப் போனான். கூடவே ராணி போனாள், மூன்று மந்திரிகளும் போனார்கள். அந்த மந்திரிகளின் வேலை ராஜா சொல்வதற்குத் தலையாட்டுவது. வேலையில் மூவரும் கெட்டிக்காரர்கள்.

நாற்றுத் தோட்டம் வைத்திருந்தவன் பெயர் பலவேசம். முதலில் அவன் எலுமிச்சை இனத்திலேயே ஒரு கிச்சிலி மரத்தைக் காட்டினான். இடுப்பளவு உயரம், சின்னச் சின்ன இலை, கிளை கொள்ளாமல் மஞ்சள் பழம்.

"தொட்டியில வைக்கறதுக்குன்னே நல்ல வேர்ல ஒட்டுக் கட்டினது மகாராஜா" என்றான்.

"குட்டை" என்றான் ராஜா. மந்திரிகள் தலையாட்டினார்கள்.

இரண்டாவதாக ஒரு நாரத்தை. தோள் உயரத்துக்கு நின்றது, இலையைக் கிள்ளினால் வாசனை ஆளைத் தூக்கியது. ராஜா அதன் பழத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "தோல் பூரா சுருக்கம். என் சபையில ஏற்கனவே கிழவங்க போதும்" என்றான். மந்திரிகள் தங்களைச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

மூன்றாவதைப் பலவேசம் காட்டவே இல்லை. ராஜாவே கண்டுபிடித்தான். வேலியோரத்தில், நெட்டையாக, நிமிர்ந்து, கரும்பச்சை இலை மினுமினுக்க ஒரு மரம் நின்றது. அதில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. அதுவும் ஒரு காலத்தில் ஒட்டு மரம்தான். மேலே ஒட்டிய நல்ல கிளை பட்டுப்போய், அடியிலிருந்த காட்டு வேர் கிளம்பி மரமாகிவிட்டது. இலையும் முள்ளும் தவிர அதனிடம் ஒரு பூவைக்கூடப் பலவேசம் கண்டதில்லை. கன்றுக்குட்டி கட்ட உதவுமே என்றுதான் விட்டுவைத்திருந்தான்.

"இதுதான் மரம்! என்ன ஒரு நிமிர்வு!" என்றான் ராஜா.

"இதுல காய் எங்கே?" என்று கேட்டாள் ராணி.

பலவேசம் ஒரு நொடி கன்றுக்குட்டியைப் பார்த்தான். அடுத்த நொடி அவனுக்கு வாய் வந்துவிட்டது. "காய்க்கிற மரம் தலை குனியும் தாயே. இது குனியாத மரம். ராஜாக்களுக்குன்னே பொத்திப் பொத்தி வளர்த்தது."

"குனியாத மரம்!" என்றார்கள் மூன்று மந்திரிகளும். கன்றுக்குட்டியை அவிழ்த்து வேறு இடத்தில் கட்டினார்கள், மரம் அரண்மனைக்குப் போனது.

தொட்டி வார்க்க வந்த கன்னான், அடியில் ஓட்டை வேண்டுமே என்றான். "ஓட்டை வெச்சா கம்பளம் நனையும்" என்று சொல்லிவிட்டான் ராஜா. ஓட்டையில்லாத பித்தளைத் தொட்டியில் மரம் ஆசனத்துக்குப் பக்கத்தில் நின்றது. தினம் ஊற்றிய தண்ணீர் அடியில் தேங்கியது.

கொஞ்ச காலம் போனது. மரம் விரல் நீளத்துக்கு முள் விட்டது. பக்கத்தில் போனவர்களின் சேலையும் அங்கவஸ்திரமும் கிழிந்தன. "இதுல காய் எங்கே?" என்று ராணி இரண்டாம் முறை கேட்டாள்.

"முள்ளுன்னா நினைச்சீங்க? வேல், தாயே! மரமே ராஜாவுக்குக் காவல் நிக்குது" என்றார் முதல் மந்திரி. ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது.

இன்னும் கொஞ்ச காலம் போனது. வேர் அழுகி, இலை மஞ்சளானது. தொட்டியிலிருந்து வீச்சம் அடித்தது, அதை மறைக்கச் சாம்பிராணி போட்டார்கள். "இதுல காய்தான் எங்கே?" என்று ராணி மூன்றாம் முறை கேட்டாள்.

"இலையோட நிறத்தைப் பாருங்க தாயே, பொன்! மகாராஜா பக்கத்துல நின்னு நின்னு மரமே பொன்னாகுது" என்றார் இரண்டாம் மந்திரி. ராஜா நம்பினான். நம்பாவிட்டால் தன்னை முட்டாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே, அதைவிட இது எளிதாக இருந்தது.

ஒரு நாள் ஆள் வந்து சொன்னான், பேரரசி புறப்பட்டுவிட்டாள் என்று. அன்றைக்குத்தான் மகுடவர்த்தனன் முதல் முறையாக அந்த மரத்தைத் தன் சொந்தக் கண்ணால் பார்த்தான். காய் இல்லை, பிஞ்சு இல்லை, பூ இல்லை. ஆசனத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான். சந்தையில் ஒரு பழம் வாங்கிக் கட்டித் தொங்கவிடலாமா என்றுகூடக் கேட்டான்.

"சந்தைப் பழமா? சீச்சீ! பொன் மரத்துல பொன் பழம்தானே மகாராஜா காய்க்கும்?" என்றார் மூன்றாம் மந்திரி.

கஜானாவில் பொன் ஏது? ராணியின் ஒட்டியாணம் உருகி, ஒரு பொன் எலுமிச்சையாக மரத்தில் தொங்கியது. "மூணு தடவை கேட்டேனே, காய் என் இடுப்புலதான் இருந்துதா?" என்று அவள் பல்லைக் கடித்தாள்.

பேரரசி நல்ல உச்சி வெயிலில் வந்தாள். நரைத்த தலை, கூர்மையான கண், வறண்டு வெடித்த உதடு. கட்டியக்காரன் பட்டப்பெயர்களைச் சொல்லி முடிக்கும்வரை வெயிலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மகுடவர்த்தனன் மரத்திடம் போனான். பொன் எலுமிச்சையைப் பறிக்கும்போது முள் அவன் விரலில் ஆழமாக ஏறியது. வலியை விழுங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நீட்டினான்.

பேரரசி அதை வாங்கவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"நல்லது. நாக்கு ஒட்டிப்போச்சு மகுடவர்த்தனா. இதப் பிழிஞ்சு ஒரு வாய் தண்ணி குடு" என்றாள்.

ராஜா மந்திரிகளைப் பார்த்தான். ஒருவர் விட்டத்தைப் பார்த்தார், ஒருவர் கம்பளத்தைப் பார்த்தார், மூன்றாமவர் நின்ற இடத்தில் இல்லை.

"தாயே, இது பொன்..." என்று இழுத்தான்.

"பழம்னுதானே நீட்டினே? உன் முற்றத்துல விளைஞ்சதுதானே? பிழி."

பிழிந்தான். ஒரு கையால் பிழிந்தான், இரு கையால் பிழிந்தான், பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகு வளைந்து, தலை முழங்காலைத் தொடும்படி பிழிந்தான். குனியாத மரத்தின் பக்கத்தில் ராஜா குனிந்து நின்றான். கீழே வைத்த செம்புத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. அது அவன் விரல் ரத்தம்.

அப்போது ராணி எழுந்து உள்ளே போனாள். புருஷன் மேல் கோபம் ஒரு பக்கம், வயதான மனுஷி நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்ற இரக்கம் ஒரு பக்கம். ஒரு செம்பு மோரும், ஜாடியிலிருந்து ஓர் உப்பு எலுமிச்சையும் கொண்டுவந்து வைத்தாள்.

"கிணத்தடி மரத்துக் காய் தாயே. மரத்த வெட்டிட்டாங்க. மிச்சம் இருக்கறது இதுதான்" என்றாள்.

பேரரசி எலுமிச்சையைக் கடித்துக்கொண்டு மோரைக் குடித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "உப்புல கெடந்து வாடியிருந்தாலும், இது இந்த முற்றத்துல விளைஞ்ச பழம். ஆசனம் உனக்குத்தாம்மா."

"என்ன ஒரு ஊறுகாய்!" என்றார்கள் மூன்று மந்திரிகளும். மூன்றாமவர் எப்போது திரும்பி வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

ராணி செய்த முதல் காரியம், அந்த இடுப்பளவு கிச்சிலியை வரவழைத்து, அடியில் ஓட்டை போட்ட மண் தொட்டியில் வைத்தது. இரண்டாவது, மூன்று மந்திரிகளையும் அதற்குத் தண்ணீர் சுமக்க விட்டது. மூன்றாவது, குனியாத மரத்தைக் கன்றுக்குட்டிக்கே திருப்பி அனுப்பியது.

"தாயே, அப்போ நான்?" என்று அன்றைக்குப் பேரரசி புறப்படும்போது கேட்டான் மகுடவர்த்தனன், இரண்டு கையிலும் பொன் எலுமிச்சையை ஏந்திக்கொண்டு.

"பிழிஞ்சுகிட்டே இரு. சாறு வந்ததும் சொல்லி அனுப்பு. ஆசனத்தைத் திருப்பித் தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பேரரசி பல்லக்கில் ஏறினாள். சொல்லி அனுப்பியதாக இதுவரை யாரும் கேள்விப்படவில்லை.

ஆகவே, கேட்டவர்களே, பயன் தருவதைப் பகட்டுக்காக வெட்டி எறிகிறவன் தேவை வரும் நாளில் எல்லார் முன்பும் வெறுங்கையோடு நிற்பான்.