மூக்காயியின் கச்சேரி

ஓடைக்கரைக் காட்டில் மூக்காயி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். கூழாங்கற்களுக்கு நடுவே, வெட்டவெளியில், நாலு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். கூடு என்று ஒன்றும் கிடையாது. ஆள்காட்டிகளின் வழக்கம் அது. அந்த நாலு முட்டைக்கும் காவல் அவள் தொண்டைதான்.

காட்டுப்பூனையின் தலை தெரிந்தால் போதும். "வர்றான்! வர்றான்! ஓடு! ஓடு!" என்று கத்துவாள். மான்கள் பாயும். முயல் புதருக்குள் மறையும். மயில் மரமேறி அகவும். காடே உஷாராகிவிட்டதைப் பார்த்த பூனை, 'இன்றைக்கும் பட்டினிதான்' என்று வந்த வழியே போய்விடும்.

ஒருநாள் மயிலாருக்கு ஒரு யோசனை வந்தது. காட்டுச் சபாவின் தலைவர் அவர். பாடத் தெரியாது. ஆனால் யார் பாடினாலும் குறை சொல்லத் தெரியும். தலைவராக அது போதாதா?

"மூக்காயி அம்மா! நீங்க செய்யறது கத்தல் இல்ல, கலை!"

"அய்யய்யோ! எனக்குப் பாட்டெல்லாம் தெரியாதுங்க!"

"பெரிய வித்வான்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. அந்த ரெண்டாவது 'வர்றான்' இருக்கே, அதைக் கொஞ்சம் இழுங்க. முடிவுல ஒரு குலுக்கல். அப்புறம் பாருங்க!"

மூக்காயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இழுத்தாள், குலுக்கினாள். மறுநாளே பாராட்டு விழா! தேக்கிலையில் பொன்னாடை போர்த்தி, 'வனநாதமணி' என்று பட்டம் கொடுத்தார்கள். முயல் வாழ்த்துரை வழங்கினார். அவள் குரலை அவர் ஒருநாளும் நின்று கேட்டதில்லை. கேட்டவுடன் ஓடிவிடுவதுதான் பழக்கம். ஆனாலும் அரைமணி நேரம் புகழ்ந்து தள்ளினார்.

அவள் புருஷன் காத்தானுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஏ புள்ள, உனக்கென்ன கிறுக்கா? நாம கத்தினா மத்தவங்க ஓடணும். உட்கார்ந்து தலையாட்டக் கூடாது!"

"உங்களுக்குப் பொறாமைங்க! நீங்களும்தான் வருஷக்கணக்கா கத்துறீங்க. யாராவது ஒரு இலை போர்த்தினாங்களா?"

காத்தான் முட்டைகளின்மேல் போய் உட்கார்ந்தான். வேறென்ன செய்வான், பாவம்!

அதன்பிறகு தினமும் வெயில் தாழும் நேரத்தில் முட்டைக்குப் பக்கத்திலேயே கச்சேரி. "வர்ர்ர்றான்..." என்று அவள் இழுப்பாள். "பேஷ்! பேஷ்!" என்று கூட்டம் தலையாட்டும். யாரும் ஓடவில்லை. ஓடினால் ரசனை கெட்டவன் என்று பேசுவார்களே!

ஒன்பதாம் நாள். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த முட்டைகளைக் குளிர்விக்க, வயிற்று இறகை நனைத்து வரலாம் என்று காத்தான் ஓடைக்குப் போயிருந்தான். மூக்காயி பாட வாயைத் திறந்தாள். எதிரே கோரைப்புல் அசைந்தது. காட்டுப்பூனை! முட்டைகளைப் பார்த்துத்தான் பதுங்கிப் பதுங்கி வந்தது.

இழுப்பும் மறந்தது, குலுக்கலும் மறந்தது. "வர்றான்! வர்றான்! ஓடு! ஓடு!" என்று பழையபடி தொண்டை கிழியக் கத்தினாள்.

மயிலார் முகம் சுளித்தார். "என்ன இது? இன்னிக்குச் சுருதியே சேரலையே!"

"தொண்டை கட்டியிருக்கும்போல," என்றார் முயல்.

"அட பாவிகளா! நிஜமாவே வர்றான்!"

"அடடா! என்ன உணர்ச்சி! என்ன உணர்ச்சி!" என்று மான்கள் கண்ணை மூடிக்கொண்டன.

ஒருத்தரும் அசையாததைக் கண்ட பூனைக்கே ஆச்சரியம். கூட்டத்தின் முதுகுப் பக்கமாய் நிமிர்ந்து சாவகாசமாக நடந்து வந்தது. முட்டைக்கும் அதற்கும் இன்னும் நாலே எட்டு. மூக்காயி முட்டைகளை விட்டு விலகி ஓடினாள். சிறகு ஒடிந்ததுபோல ஒரு பக்கமாய்ச் சாய்ந்தாள். தரையில் புரண்டு, தத்தித் தத்தி, பூனைக்கு ஆசை காட்டி வேறு பக்கம் இழுத்துப் போனாள்.

"ஆஹா! அபிநயமும் உண்டா!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது.

அவள் நேரே அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து, சட்டென்று பறந்துவிட்டாள். துரத்தி வந்த பூனை முன்வரிசையில் விழுந்தது. அதன் வாயில் அகப்பட்டது மயிலாரின் தோகை! "ஐயோ!" என்ற ஒரே அலறல். திசை தெரியாமல் எல்லோரும் ஓடினார்கள். மான்கள் முட்டைகள் கிடந்த பக்கமே பாய்ந்தன. களேபரத்தில் மிரண்ட பூனை, வாய் நிறைய இறகோடு புதருக்குள் மறைந்தது.

மூக்காயி ஓடிவந்து பார்த்தாள். மூன்று முட்டைகள் இருந்தன. நாலாவது நசுங்கிக் கிடந்தது. பூனை அதைத் தொடவில்லை. மிதித்தது ரசிகர்களின் குளம்பு. அவள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஓடையிலிருந்து திரும்பிய காத்தான் ஈர வயிற்றோடு மற்ற மூன்றின்மேல் அமர்ந்தான்.

மறுநாள் தோகை இழந்த மயிலார் கோபமாக வந்தார்.

"ஏம்மா, பூனை வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன் சாமி. சுருதி சேரலைன்னு சொன்னீங்க. தப்பு என் மேலயும்தான். உங்க பேச்சைக் கேட்டு இழுத்தேன் பாருங்க!"

கைதட்டலுக்காக எச்சரிக்கையைப் பாட்டாக்கினால், உதவி வேண்டிய நாளிலும் கைதட்டல்தான் கிடைக்கும்.