மிளா வந்த சுனை

கரட்டுமலையின் உச்சியில் ஒரு சுனை இருந்தது. கடும் கோடையிலும் வற்றாது. அந்தப் பக்கத்தில் வேறு தண்ணீர் கிடையாது. அதன் கரையில் ஓடு வேய்ந்த சின்ன ஆசிரமம் ஒன்றில் மங்கை அம்மாளும் அவருடைய சீடர் சடையப்பனும் இருந்தார்கள்.

சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வாலிபத்திலிருந்து லாரி ஓட்டி, இரைச்சலிலேயே பாதிக் காதைத் தொலைத்தபின் அமைதி தேடி மலையேறியவர் சடையப்பன்.

ஓர் அன்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக இருவரும் ஊருக்கு இறங்கியிருந்த சமயத்தில் தொற்றுநோயால் ஊரடங்கு வந்தது. மலைப்பாதையில் தடுப்பு வைத்துவிட்டார்கள். அன்பர் வீட்டு மாடி அறையிலேயே தங்க வேண்டியதாயிற்று.

ஊருக்கு மேலே எப்போதும் நிற்கும் புகை மெல்லக் கலைந்தது. ஒருநாள் காலை சடையப்பன் மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனார். வடக்கே, வெறும் சாம்பல் நிறமாக இருந்த இடத்தில் மலை நின்றது. மரங்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார்.

“அங்க இப்ப எப்படிம்மா இருக்கும்?”

“நாம இல்லாம இருக்கும்,” என்றார் அம்மாள்.

அதே நாட்களில் அந்த நோய் வீட்டுக்கார அன்பரைக் கொண்டுபோயிற்று. உடலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர விடவில்லை. கீழே அவர் மனைவி அழுவது மாடிவரை கேட்கும். அதைக் கேட்டபடியே சடையப்பன் மலையைப் பார்ப்பார். இந்த நேரத்தில் தனக்கு அது இவ்வளவு அழகாகத் தெரிகிறதே என்று கூசிப்போவார். மறுநாளும் போய் நிற்பார்.

தடை நீங்கியதும் இருவரும் மலையேறினார்கள். பாதையைப் புல் மூடியிருந்தது. காற்றில் இலை வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை.

நடுப்பகல். சுனையோரம் ஒரு மிளா நின்றுகொண்டிருந்தது. எருமைக்கன்று உயரத்துக்குப் பெரிய மான். அதன் வயிற்றோடு ஒட்டியபடி ஒரு குட்டி.

சடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மிளா தலையைத் தூக்கியது. அவரைப் பார்த்தது. பிறகு குட்டியோடு புதருக்குள் போய்விட்டது.

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சடையப்பனுக்கு அதன்பின் வேறு நினைப்பில்லை.

தினமும் பாறை மறைவில் உட்கார்ந்து காத்திருந்தார். செருப்பை விட்டார். பூசை மணியை அடிக்காமல் வைத்தார். இருமல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மிளா வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்பர்கள் வரத் தொடங்கினார்கள். அடிவாரத்தில் கார்கள் நின்றன. பிள்ளைகள் சுனையில் கல்லெறிந்து விளையாடினார்கள்.

“இவங்களாலதாம்மா அது வரமாட்டேங்குது,” என்றார் சடையப்பன். “யாரும் வர வேணாம்னு சொல்லிடுங்க.”

அம்மாள் சொல்லிவிட்டார். அன்பர்கள் நின்றுபோனார்கள். அவர்கள் கொண்டுவரும் அரிசியும் நின்றுபோனது. இருவரும் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அப்போதும் மிளா வரவில்லை.

ஒரு மாலை அவர் அம்மாளின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“இப்ப நாம ரெண்டு பேர்தாம்மா இருக்கோம். அடிக்கலை, விரட்டலை. ஒரு சத்தம் போடலை. நாம என்ன தப்புப் பண்ணோம்?”

“திரும்பி வந்தோம்.”

சடையப்பன் சுனைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு அது எதுக்கு வந்துச்சு?” என்று கேட்டார் அம்மாள்.

“தண்ணி குடிக்க.”

“குடிச்சுதா?”

அவர் யோசித்தார். “குனிஞ்சுது. அதுக்குள்ள என்னைப் பார்த்துடுச்சு.”

மறுநாள் விடிந்ததும் அம்மாள் பாயைச் சுருட்டினார். இரண்டு புடவைகளை ஒரு பையில் வைத்தார். ஆசிரமக் கதவைப் பூட்டாமல் திறந்தே விட்டார்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“அடிவாரத்துக்கு. அங்க இருந்துக்கலாம்.”

“சுனையை விட்டுட்டா?”

“ஆமா.”

அம்மாள் சுனையருகே போய்க் குனிந்தார். ஆசிரமத்துக் கூரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து மேலே கொண்டுவந்தவர் அவர்தான். தண்ணீரைத் தொடப் போன கையை நிறுத்தி மடக்கிக்கொண்டார். எழுந்தபோது கண்கள் சிவந்திருந்தன. பையை எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

சடையப்பன் பின்னால் நடந்தார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வளைவுக்குப் பிறகு ஓட்டுக் கூரை மறைந்துவிட்டது. அங்கே நின்றுவிட்டார்.

“நாம போயிட்டா அது வருமாம்மா?”

“வரலாம்.”

“வந்துச்சான்னு நமக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது.”

சடையப்பன் மேலே போகத் திரும்பினார்.

“நான் ஓரமா இருந்துட்டு வந்துடறேம்மா. ஒரே ஒரு தடவை. கண்ணால பார்த்துட்டா போதும்.”

மங்கை அம்மாள் மேலே ஏறிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க பார்க்கிற அந்த ஒரு தடவை, அதுக்குத் தாகத்தோட திரும்பிப் போற ஒரு நாள், ஐயா.”